பெருக்கல் குறிக்கு மேலே ஒரு வாக்கியம்

அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய மறுவாரம், இன்சூரன்ஸ் பணத்துக்காக ஒரு கட்டுப் படிவங்கள் வந்தன. கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் எல்லாம் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. அப்பா கண்ணாடியைக்கூடத் தேடாமல் பேனாவைத் திறந்துவிட்டார். நான்காவது தாளில், குறிக்கு மேலே பொடி எழுத்தில் ஒரு நீண்ட வாக்கியம் இருந்தது. தன்னைப் பற்றிய எல்லா மருத்துவ ஆவணங்களையும், அவை எந்த மருத்துவமனையில் இருந்தாலும், எந்தக் காலத்தைச் சேர்ந்தவையாக இருந்தாலும், நிறுவனமும் அதன் சார்பில் செயல்படுவோரும் பெற்றுக்கொள்ளச் சம்மதிக்கிறேன் என்று அது சொன்னது. நடந்தது ஆறு நாள் சிகிச்சை. வாக்கியம் கேட்டதோ எழுபது வருட உடம்பை.

போன் செய்து விசாரித்தேன். "எல்லாரும் போடுற கையெழுத்துதான் சார் இது" என்றார் எதிர்முனையில் இருந்தவர். அவர் சொன்னதில் பொய் இல்லை. உண்மையிலேயே எல்லாரும் போடுகிறார்கள். பணத்தைத் தர எந்தெந்தத் தாள்கள் வேண்டும் என்று திரும்பக் கேட்டேன். டிஸ்சார்ஜ் சம்மரி, பில்கள், அந்த ஆறு நாளில் எடுத்த பரிசோதனை ரிப்போர்ட்டுகள், அவ்வளவுதான். அந்த வாக்கியத்தை அடித்துவிட்டு, மேலே இந்த மூன்றையும் தேதியோடு எழுதி, பக்கத்தில் அப்பாவிடம் சுருக்கக் கையெழுத்து வாங்கி அனுப்பினோம். பணம் வந்து சேர்ந்தது.

வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதே என்று நம் எல்லாருக்கும் சொல்லித்தான் வளர்த்திருக்கிறார்கள். நிலமோ கடனோ என்றால் அந்த எச்சரிக்கை தானாக ஞாபகம் வருகிறது. ஆனால் 'எல்லாத் தகவல்களையும்', 'யாருக்கு வேண்டுமானாலும்', 'எந்தத் தேவைக்கும்' என்று அச்சடித்த படிவமும் வெற்றுத்தாள்தான். அதில் எழுத்து நிறைய இருப்பதால் அப்படித் தெரிவதில்லை.

ஒரு மருத்துவமனை, வங்கி, கல்லூரி, வேலை தரும் நிறுவனம் என்று நம்மைப் பற்றிய தகவலை வைத்திருக்கும் இடம் ஒன்று. அந்தத் தகவலுக்கு உரிய நாம் இன்னொருவர். இந்த இருவரையும் தவிர வேறு யார் கேட்டாலும் அவர் மூன்றாம் தரப்பு. அது இன்சூரன்ஸ் நிறுவனமாக இருக்கலாம், வக்கீலாக இருக்கலாம், கட்டிய மனைவியாகவோ பெற்ற தாயாகவோகூட இருக்கலாம். இன்னாருக்கு இதைக் கொடுக்கலாம் என்று நாம் எழுதித் தருவதுதான் தகவல் வெளியீட்டு ஒப்புதல். அலுவலகங்களில் ஆத்தரைசேஷன் லெட்டர் என்பார்கள், கன்சென்ட் ஃபார்ம் என்பார்கள்.

இதைப் பவர் பத்திரத்தோடு பலர் குழப்பிக்கொள்கிறார்கள். பவர் பத்திரம் பெற்றவர் நமக்குப் பதிலாக முடிவெடுக்கலாம், கையெழுத்துப் போடலாம். தகவல் ஒப்புதல் பெற்றவர் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், அவ்வளவுதான். "என் தம்பியிடம் என் கணக்கு விவரத்தைச் சொல்லலாம்" என்று வங்கிக்கு எழுதிக் கொடுத்தால், தம்பி அந்தக் கணக்கிலிருந்து பணம் எடுக்க முடியாது. பணத்தை எடுத்துவிடுவார்களோ என்ற பயத்தால் ஒப்புதலே தராமல் இருப்பவர்களையும் பார்த்திருக்கிறேன், மருத்துவ ஒப்புதல் வாங்கிவிட்டதால் ஆபரேஷனுக்கும் தானே சம்மதம் சொல்லலாம் என்று நம்பியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

நம் தகவல் வெளியே போகும் ஒவ்வொரு முறையும் நம்மைக் கேட்கிறார்கள் என்றும் இல்லை. ஒரு டாக்டர் இன்னொரு டாக்டரிடம் நம் நோயைப் பற்றிப் பேசுவதற்கும், சிகிச்சைக்கான கட்டணத்தை வசூலிப்பதற்கும் அமெரிக்காவின் 1996ஆம் ஆண்டு மருத்துவக் காப்பீட்டுச் சட்டமான ஹிப்பாவின் விதிகள் தனி ஒப்புதல் கேட்பதில்லை. நீதிமன்ற உத்தரவு வந்தாலோ, தொற்றுநோயை அரசுக்குத் தெரிவிக்க வேண்டியிருந்தாலோ பெரும்பாலான நாடுகளில் இதே நிலைதான். ஆகவே நம் முன்னால் ஒரு தனிப் படிவம் நீட்டப்படுகிறது என்றால் அதற்கே ஒரு பொருள் உண்டு. கையெழுத்து இல்லாமல் செய்ய முடியாத ஏதோ ஒன்றைச் செய்ய விரும்புகிறார்கள். அது நமக்கு வேண்டியதாகவும் இருக்கலாம், வேண்டாததாகவும் இருக்கலாம். வாசித்தால்தான் தெரியும்.

இந்தக் கேட்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது? ஆவணங்கள் அலமாரியில் இருந்த காலத்தில், ஒருவரின் கோப்பு ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போவதே சிரமம். கம்ப்யூட்டர் வந்ததும் அந்தச் சிரமம் போய்விட்டது, அதோடு அது தந்துகொண்டிருந்த பாதுகாப்பும் போய்விட்டது. 1973இல் அமெரிக்காவின் சுகாதார, கல்வி, நலத் துறை அமைத்த குழு இதைக் கவனித்து ஓர் அடிப்படை விதியை வகுத்தது: ஒரு காரியத்துக்காக ஒருவரிடம் வாங்கிய தகவலை, அவர் சம்மதம் இல்லாமல் வேறு காரியத்துக்குப் பயன்படுத்தவோ தரவோ கூடாது. அடுத்த ஆண்டே, 1974இல், மத்திய அரசு அலுவலகங்களில் உள்ள தனிநபர் ஆவணங்களுக்கு ஒரு சட்டமும், மாணவர்களின் ஆவணங்களுக்கு ஃபெர்ப்பா என்ற சட்டமும் அங்கே வந்தன. 1980இல் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு தன் வழிகாட்டு நெறிகளில் இதே கருத்தைச் சேர்த்தது. பின்னால் பல நாடுகளில் வந்த சட்டங்களிலும் இந்த விதியின் சாயல் உண்டு.

ஒப்புதலில் என்னென்ன இருந்தால் அது செல்லும் என்பதை மிகத் தெளிவாக எழுதிவைத்திருப்பது ஹிப்பா விதிகள்தான். அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவருக்கும் அதை ஒரு அளவுகோலாகப் பரிந்துரைப்பேன். எந்தத் தகவல் என்று குறிப்பாக எழுதியிருக்க வேண்டும். யார் தருகிறார், யார் பெறுகிறார் என்று இருபக்கமும் சொல்லியிருக்க வேண்டும். எதற்காக என்ற காரணம் வேண்டும். எப்போது காலாவதியாகும் என்று ஒரு தேதியோ ஒரு நிகழ்வோ வேண்டும். கையெழுத்தும் கையெழுத்திட்ட தேதியும் வேண்டும். ஒப்புதலை எப்படித் திரும்பப் பெறுவது என்பதையும், தகவலைப் பெறுபவர் அதை மேலும் வேறொருவருக்குக் கொடுத்துவிடக்கூடும் என்பதையும் படிவமே நம்மிடம் சொல்லியாக வேண்டும். இவற்றில் இட்டு நிரப்பாத இடம் இருந்தால் ஒப்புதல் குறைபாடு உள்ளது, செல்லாது. எளிய மொழியில் இருக்க வேண்டும் என்பதும் அந்த விதியில் உண்டு.

இதில் 'எந்தத் தகவல்' என்ற வரியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். ஒரு மருத்துவக் கோப்பைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் நோயாளி மட்டும் இருப்பதில்லை. முதல் பக்கத்திலேயே குடும்ப வரலாறு என்று ஒரு கட்டம் இருக்கும். அம்மாவுக்குச் சர்க்கரை, சித்தப்பாவுக்கு வலிப்பு, அண்ணன் ஒருமுறை தூக்கமாத்திரை சாப்பிட்டது என்று டாக்டர் கேட்கக் கேட்கச் சொல்லியிருப்போம். எத்தனை சிகரெட், எவ்வளவு குடி என்று இருக்கும். இருபது வருடத்துக்கு முன் கலைந்த கர்ப்பம் இருக்கும், கணவனுக்குக்கூடச் சொல்லாதது. கால் முறிவுக்காக 'முழுக் கோப்பையும்' கொடுக்கச் சம்மதித்தால் இவ்வளவும் போகும். அண்ணனிடம் யாரும் கேட்கவில்லை, சித்தப்பாவிடமும் கேட்கவில்லை. அவர்கள் சார்பில் கையெழுத்துப் போட்டது நாம்தான். மனநல மருத்துவர் உரையாடலின்போது எடுத்து, மற்ற ஆவணங்களிலிருந்து பிரித்துத் தனியாக வைத்திருக்கும் குறிப்புகளுக்கு அமெரிக்க விதிகள் தனி ஒப்புதல் கேட்பதன் காரணமும் இதுதான். பொது ஒப்புதலோடு சேர்த்து அவற்றை வாங்கிவிட முடியாது.

'யாருக்கு' என்ற வரியிலும் ஒரு வால் ஒட்டிக்கொண்டிருக்கும். 'மற்றும் அதன் துணை நிறுவனங்கள், பங்காளர்கள், சேவை வழங்குவோர்' என்று வந்தால் அங்கே பெயரே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். பெயரில்லாதவரிடம் போய் நம் ஒப்புதலைத் திரும்பக் கேட்க முடியாது.

இவ்வளவு சொன்ன பிறகு, படிவத்தைக் கேட்கும் அலுவலகத்தின் பக்கமும் சொல்லியாக வேண்டும். "என் அப்பாதான், நான் அவர் பிள்ளை, போனில் சொல்ல மாட்டீர்களா?" என்று கோபப்படுவோம். அந்தப் பக்கம் இருப்பவருக்கு நம் குரல் மட்டும்தான் தெரியும். 2006இல் அமெரிக்கக் கம்ப்யூட்டர் நிறுவனமான ஹியூலெட்-பேக்கர்டில் ரகசியம் யார் வழியாகக் கசிகிறது என்று கண்டுபிடிக்கத் துப்பறிவாளர்களை வைத்தார்கள். அவர்கள் இயக்குநர்களும் பத்திரிகையாளர்களும் தாங்களே என்று நடித்துத் தொலைபேசி நிறுவனங்களிடமிருந்து அழைப்புப் பதிவுகளை வாங்கிவிட்டார்கள். வெளியே தெரிந்ததும் நாடாளுமன்ற விசாரணை வரை போனது. கனிவாகப் பேசி, நான்கு விவரம் சரியாகச் சொன்னால் எதையும் கறந்துவிடலாம் என்ற நிலைக்கு எதிரான தடுப்புதான் அந்த அலுவலர் கேட்கும் தாள். அவர் பிடிவாதம் நம்மைக் காப்பாற்றவும் செய்கிறது.

அடுத்தது, இது உண்மையில் சம்மதம்தானா என்ற கேள்வி. இதில் எனக்கு வருத்தம் அதிகம். வேலைக்குச் சேரும் அன்று நீட்டப்படும் படிவத்தை யார் மறுப்பார்? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை, அதாவது ஜிடிபிஆர், இதை நேராகவே எதிர்கொள்கிறது. சம்மதம் சுதந்திரமாகத் தரப்பட்டதாக, குறிப்பானதாக, விவரம் அறிந்து தந்ததாக, ஐயத்துக்கு இடமில்லாததாக இருக்க வேண்டும் என்கிறது. கேட்பவருக்கும் தருபவருக்கும் இடையே பலத்தில் பெரிய ஏற்றத்தாழ்வு இருந்தால் அதைச் சுதந்திரமான சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்றும் சொல்கிறது. முதலாளி தொழிலாளி உறவில் சம்மதத்தை மட்டும் நம்பித் தகவலைக் கையாள்வது அங்கே கடினம். முன்கூட்டியே டிக் அடித்து வைத்த கட்டம் சம்மதம் ஆகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019 அக்டோபரில் பிளானட்49 வழக்கில் தீர்ப்புச் சொன்னது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இன்னொரு சொல்லையும் சேர்த்திருக்கிறது: நிபந்தனையற்றதாக இருக்க வேண்டும். சேவைக்குத் தேவைப்படாத தகவலுக்கும் சேர்த்துச் சம்மதம் வாங்கியிருந்தால், அந்தத் தேவையில்லாத பகுதி அளவுக்கு அது செல்லாது. அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் எதில் வேண்டுமானாலும் அந்தக் கோரிக்கையைப் படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது. தமிழ் அந்த 22இல் ஒன்று. புரியாத மொழியில் போட்ட கையெழுத்தைச் சம்மதம் என்று அழைக்க எனக்கு ஒருபோதும் மனம் வந்ததில்லை.

ஹிப்பா விதிகளும் பொதுவாக, ஒப்புதல் தந்தால்தான் சிகிச்சை என்று சொல்ல மருத்துவமனையை அனுமதிப்பதில்லை. விலக்குகள் உண்டு. ஆராய்ச்சியோடு சேர்ந்த சிகிச்சை ஒன்று. வேறொருவருக்கு அறிக்கை தருவதற்கென்றே செய்யும் பரிசோதனை இன்னொன்று. வேலைக்குத் தகுதியா என்று பார்க்கும் மருத்துவச் சோதனையில், முடிவை நிறுவனத்துக்கு அனுப்ப மாட்டேன் என்றால் அந்தச் சோதனைக்கே அர்த்தம் இல்லை, சரிதானே.

கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறலாமா? பெறலாம். கொடுப்பது எவ்வளவு சுலபமோ திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்று ஜிடிபிஆர் சொல்கிறது, இந்தியச் சட்டமும் ஏறத்தாழ அதையே சொல்கிறது. ஆனால் இது முன்னோக்கி மட்டுமே வேலை செய்யும். நேற்றுவரை ஒப்புதலை நம்பிக் கொடுத்தது கொடுத்ததுதான். வாங்கியவர் அதைப் படித்துவிட்டார், பிரதி எடுத்துவிட்டார், அதை வைத்து ஒரு முடிவும் எடுத்திருக்கலாம். அதைவிடச் சங்கடம், தகவல் சட்டத்தின் வேலிக்கு வெளியே போய்விடுவது. ஹிப்பா கட்டுப்படுத்துவது மருத்துவமனைகள், மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்கள் போன்றவற்றையும் அவற்றுக்காக வேலை செய்பவர்களையும்தான். நம் ஒப்புதலின் பேரில் வேலை தரும் நிறுவனத்துக்கோ ஏதோ ஒரு செயலிக்கோ போய்விட்டால், அதே தாளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லாமல் போகலாம். காகிதம் மாறவில்லை, எழுத்து மாறவில்லை, அது இருக்கும் வீடு மாறிவிட்டது. அதனால்தான் திரும்பப் பெறும் உரிமையைவிட, தொடக்கத்திலேயே சிறிதாகக் கொடுப்பதைப் பெரிதாக நினைக்கிறேன்.

இப்போது தாளைவிட அதிகமாக நாம் கையெழுத்துப் போடுவது திரையில்தான், 'அனுமதி' என்ற பொத்தானில். ஒரு காலத்தில் நம் தொடர்புப் பட்டியலை எடுத்துக்கொள்ள விரும்பிய இணையதளங்கள் மின்னஞ்சலின் பாஸ்வேர்டையே கேட்டன. வீட்டுச் சாவியைக் கொடுத்து அலமாரியில் ஒரு புத்தகத்தை மட்டும் எடுத்துக்கொள் என்பது மாதிரி. இதை மாற்ற வந்த ஓஆத் என்ற முறை, 2012இல் இரண்டாம் பதிப்பாக வரையறுக்கப்பட்டு இன்று எங்கும் இருக்கிறது. பாஸ்வேர்டைக் கொடுக்காமல், இந்தச் செயலி இன்ன தகவலை மட்டும் பார்க்கலாம் என்று ஒரு தற்காலிகச் சீட்டைத் தருகிறது. அதை எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். நல்ல வடிவமைப்பு. ஆனால் 'இன்ன தகவல்' என்ற பட்டியல் எவ்வளவு நீளம் என்பதைச் செயலியை எழுதியவர் தீர்மானிக்கிறார், நாம் கட்டைவிரலால் கடந்து போகிறோம்.

கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்துக்கு ஃபேஸ்புக் பயனர்களின் தகவல் போய்ச் சேர்ந்ததாக 2018இல் வெளிவந்த விவகாரத்தின் மையம் இந்தப் பொத்தான்தான். ஃபேஸ்புக்கில் ஓர் ஆளுமைத் தேர்வுச் செயலியை ஏறத்தாழ 2,70,000 பேர் அனுமதித்தார்கள். அன்றைய விதிப்படி அந்த அனுமதி அவர்களுடைய நண்பர்களின் தகவலுக்கும் நீண்டது. பாதிக்கப்பட்டவர்கள் 8.7 கோடிப் பேர்வரை இருக்கலாம் என்று ஃபேஸ்புக்கே சொன்னது. மருத்துவக் கோப்பில் இருந்த அண்ணனும் சித்தப்பாவும்தான் இவர்கள், எண்ணிக்கைதான் பெரிது. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் ஃபேஸ்புக்குக்கு 500 கோடி டாலர் அபராதம் விதித்தது.

திரையிலும் ஒழுங்காகச் செய்ய முடியும் என்பதற்கு இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2016இல் விதி வகுத்த அக்கவுண்ட் அக்ரிகேட்டர் முறை ஓர் எடுத்துக்காட்டு. கடன் கேட்பவர் தன் வங்கி விவரத்தைக் கடன் தருபவருக்கு அனுப்பச் சம்மதிக்கும்போது, எந்தக் கணக்கு, எந்த மாதங்கள், என்ன காரணம், எத்தனை நாள் என்பதெல்லாம் சம்மதத்துக்குள்ளேயே எழுதப்படுகின்றன. நடுவில் நின்று அதைக் கொண்டுசேர்க்கும் நிறுவனத்தால் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. படிவத்தில் நாம் பேனாவால் அடித்து எழுத வேண்டியிருப்பதை இங்கே அமைப்பே கேட்டு வாங்குகிறது.

இதுவரை சொன்னதெல்லாம் குறைத்துக் கொடுப்பதைப் பற்றி. ஆனால் கொடுக்காமலே விட்டதால் வரும் கஷ்டமும் சின்னதல்ல. அமெரிக்கக் கல்விச் சட்டப்படி, 18 வயதானாலோ கல்லூரியில் சேர்ந்தாலோ, ஆவணங்கள் மீதான உரிமை பெற்றோரிடமிருந்து மாணவருக்கு மாறிவிடுகிறது. கட்டணம் கட்டிய பெற்றோர் மதிப்பெண்ணைக் கேட்டால்கூட, வருமான வரிக் கணக்கில் அந்தப் பிள்ளையைச் சார்ந்தவராகக் காட்டியிருப்பது போன்ற சில விலக்குகளைத் தவிர, மாணவர் எழுதித் தர வேண்டும். மருத்துவத்தில் இது இன்னும் கூர்மையாக வலிக்கும். விபத்தில் நினைவில்லாமல் கிடப்பவரால் படிவம் நிரப்ப முடியாது. டாக்டர் தன் முடிவுப்படி நெருங்கியவரிடம் ஓரளவு சொல்லலாம், ஆனால் யாரிடம் எவ்வளவு என்பதை அவர்தான் ஊகிக்க வேண்டியிருக்கும். பிரிந்துபோன கணவனிடம் சொல்லிவிட்டு, கூட இருக்கும் தோழியை வெளியே நிற்க வைக்கவும் கூடும். நல்ல உடம்போடு இருக்கும்போதே பெயரை எழுதிக் கொடுத்துவைத்தால் அந்த ஊகத்துக்கு இடமில்லை.

இறந்த பிறகு என்ன ஆகும் என்பதில் நாடுகள் ஒத்துப்போகவில்லை. ஹிப்பா இறந்தவரின் மருத்துவத் தகவலை 50 ஆண்டுகள் பாதுகாக்கிறது. ஜிடிபிஆர் இறந்தவருக்குப் பொருந்தாது, அதை அந்தந்த நாட்டுக்கு விட்டுவிட்டது. இந்தியச் சட்டம், இறந்தாலோ செயலிழந்தாலோ தன் உரிமைகளைப் பயன்படுத்த ஒருவரை முன்கூட்டியே நியமிக்க வழி தருகிறது.

கையெழுத்திட்ட படிவத்தின் பிரதி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், போனில் ஒரு படமாவது எடுத்துக்கொள்ளுங்கள். யாரிடம் என்ன கொடுத்தோம் என்பது ஆறு மாதத்தில் மறந்துவிடும், மறந்ததை ரத்து செய்ய முடியாது.

சில மாதம் கழித்து, தன் உடல்நிலை பற்றி என்னிடம் பேசலாம் என்று அப்பா அதே ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தார். இந்த முறை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு விரலை வரிக்கு அடியில் நகர்த்தி நகர்த்தி மெதுவாகப் படித்தார். தகவல் வகைகளின் பட்டியலில் ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டே வந்து, ஒரே ஒரு வரியைத் தாண்டி அடுத்ததற்குப் போனார். காலாவதி என்ற இடத்தில் ஒரு வருடம் தள்ளித் தேதி போட்டார். தாளை மடித்து நர்ஸிடம் கொடுத்தார். அது எந்த வரி என்று நான் கேட்கவில்லை.